கொழுந்துக்கு இல்லாத தீட்டு

தீட்டு என்னும் சொல் நம்மிடையே இன்னும் சாகவில்லை. உடையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கின்றது. முன்னர் அது சாத்திரத்தின் பெயரால் பேசிற்று. இன்று விஞ்ஞானத்தின் பெயரால் பேசத் தொடங்கியிருக்கின்றது. மாதவிடாய் நாட்களில் பெண்ணை அடுக்களைக்கும் கோயிலுக்கும் புறத்தே நிறுத்திய வழக்கத்தில் முன்னோர் கண்ட விஞ்ஞான உண்மை பொதிந்துள்ளது என்று மேடையில் முழங்குவோர் பெருகிவிட்டனர். கெட்ட இரத்தம் கழிகின்றது, ஆகவே விலக்கினர் என்பார் ஒருவர். அவள் தொட்டால் பூ வாடும், ஊறுகாய் கெடும், அது அவள் உடலின் நச்சுத்தன்மை என்பார் இன்னொருவர். ஓய்வளிக்கவே ஒதுக்கினர், அது பெண்மைக்குச் செய்த மரியாதை என்பார் மூன்றாமவர். இவர்கள் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். நல்லது. சாட்சி கூண்டில் ஏறட்டும். என்ன சொல்கின்றதென்று கேட்போம்.

இவ்விசாரணைக்குப் பிலிமத்தலாவை மிகப் பொருத்தமான களம் என்பது நமது எண்ணம். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையே, பித்தளை விளக்குகள் கடைதோறும் பளபளக்கும் ஊர் அது. அதன் சுற்றுப்புறத்தில் கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளும் எம்பெக்கே தேவாலயமும் உள்ளன. முதலிரண்டும் 1344ஆம் ஆண்டில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். லங்காதிலகத்தின் பாறையிலே சிங்களத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. அந்த லங்காதிலகத்தில் ஒரு கூரையின் கீழ் கிழக்கே புத்தர் மனை. மேற்கே தேவர்களின் தேவாலயம். பௌத்த வழிபாட்டுக்கு மாதவிடாயைத் தடையாக்கும் விதி இல்லை. கண்டி நாட்டுத் தேவாலய வழக்கிலோ அது ‘கிலி’ எனப்படும் தீட்டு. அந்நாட்களில் பெண் உள்ளே வருதல் ஆகாது. ஒரே கட்டடம், ஒரே பெண், ஒரே குருதி. கிழக்கு வாசலில் குற்றமில்லை, மேற்கு வாசலில் குற்றம்! உடலிலே இருப்பது நஞ்சாயின் அது சுவரின் இப்பக்கம் ஒன்றாகவும் அப்பக்கம் வேறொன்றாகவும் இருத்தல் கூடுமோ?

இவ்வூரிலேதான் 1963இல் இலங்கை இறையியற் கல்லூரி அமைந்தது. அங்கே கற்பிக்கப்படும் மறைநூலின் லேவியராகமமும் மாதவிடாய்ப் பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு விதிக்கின்றது. அதே மறையின் சுவிசேடங்களில், 12 ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண் இயேசுவின் ஆடையைத் தொடுகின்றாள்; அவர் அவளை விரட்டவில்லை. ஆகவே தீட்டு எந்த ஒரு மதத்தின் தனிச்சொத்துமன்று. அதனை மறுத்தலும் எந்த ஒரு மதத்திற்கும் அந்நியமன்று. சிவவாக்கியர் என்னும் சித்தர் இத்தீட்டைக் கேலிசெய்து கேள்வி கேட்டு நூற்றாண்டுகள் சென்றுவிட்டன. நாமோ இன்னும் பதில் சொல்லாதிருக்கின்றோம்.

பிலிமத்தலாவையிலிருந்து கிழக்கே சில மைல் சென்றால் பேராதனை. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் குடிபெயர்ந்து வந்த இடம். 1962 முதல் மருத்துவ பீடமும் அங்குண்டு. அங்கே மாணவர்கள் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்ணாடித் தகட்டில் காண்பது எதனை? பாடசாலைகளிலே பல ஆசிரியர்கள் “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று கடத்திவிடும் அந்தப் பாடத்தை இங்கே நாம் சற்று விரிவாகவே சொல்லுவோம். வழக்கின் முதற்சாட்சி அதுவே.

கருப்பையின் உட்சுவரை ஒரு படலம் போர்த்தியிருக்கின்றது. அது இரு படைகளாலானது. தசையை ஒட்டிய அடித்தளப்படை நிலைத்து நிற்பது. அதன்மேலுள்ள மேற்படை மாதந்தோறும் எழுந்து மாதந்தோறும் உதிர்வது. உதிரப்போக்குத் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு 28 நாட் சக்கரமொன்றை எடுத்துக்கொள்வோம். 21 முதல் 35 நாள் வரை எந்த அளவும் இயல்பானதே.

உதிரம் போய்க்கொண்டிருக்கும்போதே திருத்தவேலை தொடங்கிவிடுகின்றது. அடித்தளப்படையில் எஞ்சிய சுரப்பிகளின் அடிக்கட்டைகளிலிருந்து கலங்கள் பக்கவாட்டில் பரவி, திறந்து கிடந்த பரப்பை மூடுகின்றன. ஐந்தாம் ஆறாம் நாளளவில் மேற்பரப்பு மீண்டும் போர்த்தப்பட்டுவிடும். இங்கே தழும்பு விழுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கையிலே கவ்வாத்துக் கத்தி ஆழப்பட்டால் அவ்வடு ஆயுள் முழுதும் நிற்கும். இந்தப் படலமோ ஒரு பெண்ணின் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை உதிர்ந்தும் வடுவின்றி மீள்கின்றது. மனித உடலில் இதற்கு நிகரான இழையத்தைக் காண்பது அரிது.

அடுத்த பத்து நாளளவும் சூலகத்திலிருந்து வரும் ஈஸ்திரசன் என்னும் ஓமோனின் காலம். சுரப்பிக் கலங்களும் அவற்றைத் தாங்கி நிற்கும் இழையத்தின் கலங்களும் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. முதலில் நேராகவும் ஒடுக்கமாகவும் இருந்த சுரப்பிகள் நீண்டு, இடம் போதாமல் நெளியத் தொடங்குகின்றன. ஒரு மில்லிமீற்றர் அளவே இருந்த படலம் பல மடங்கு தடிக்கின்றது.

பதினான்காம் நாளை ஒட்டிச் சூலகம் முட்டையை வெளிவிடுகின்றது. முட்டை வெளியேறிய பையானது மஞ்சட் சடலமாகி, புரோஜெஸ்திரோன் என்னும் இரண்டாம் ஓமோனைச் சுரக்கின்றது. இப்போது கலங்கள் பெருகுவதை விட்டுத் தொழில் மாறுகின்றன. 16, 17ஆம் நாட்களில் ஒவ்வொரு சுரப்பிக் கலத்திலும் உட்கருவுக்குக் கீழே மாச்சத்து வகையான கிளைக்கோசன் சேர்கின்றது. உட்கருக்கள் மேலே தள்ளப்பட்டு, காலைப் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஆட்களைப்போல ஒரே வரிசையில் நிற்கின்றன. 19ஆம் நாளளவில் அச்சேமிப்பு மேலேறிச் சுரப்பியின் குழாய்க்குள் வடிகின்றது. உட்கருக்கள் அடிக்குத் திரும்புகின்றன. 20 முதல் 24ஆம் நாள் வரையிலான சில நாட்களே கரு வந்து பதிவதற்குப் படலம் இடந்தரும் காலம். 22ஆம் நாளளவில் இழையம் நீர்கோத்து மிருதுவாகின்றது. மறுநாள் சுருளி நாடிகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள கலங்கள் பருக்கின்றன. 26, 27ஆம் நாட்களில் வெண்குருதிக் கலங்கள் திரளாய் வந்து சேர்கின்றன.

கரு பதிந்தால், அதுவே ஓர் ஓமோனை அனுப்பி மஞ்சட் சடலத்தை வாழவைக்கும். பதியாவிடின் அச்சடலம் வாடும், புரோஜெஸ்திரோன் வீழும். சுருளி நாடிகள் இறுகி மேற்படைக்குக் குருதி தடைப்படும்; கலங்களைப் பிணைத்து நிற்கும் பொருளைக் கரைக்கும் நொதியங்கள் செயற்படும்; மேற்படை சிறு துணுக்குகளாய் உதிரும். இக்காட்சியைக் கண்ணாலேயே கண்டவர் மார்க்கீ என்னும் ஆய்வாளர். குரங்கின் கருப்பைப் படலத் துண்டுகளை அதன் கண்ணின் முன்னறையில் பதியமிட்டு, கண்ணாடிச் சன்னலூடே பார்ப்பதுபோல நாடிகள் இறுகுவதையும் குருதி கசிவதையும் பார்த்து 1940இல் எழுதிவைத்தார்.

இவ்வாறு ஒரு முறை வெளியேறும் குருதி சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர். இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. இதில் கெட்ட இரத்தம் எங்கே? நாடியில் ஓடிய அதே குருதி. அதனோடு கருவுக்கென்று ஆயத்தமாகி, கரு வராமையால் உதிர்ந்த கலங்கள். உடலின் கழிவை அகற்றுவதற்குச் சிறுநீரகமும் ஈரலும் உள. கருப்பைக்கு அத்தொழில் இல்லை. 2007இல் ஆய்வாளர் இக்குருதியிலிருந்தே பலவகைக் கலங்களாக மாறவல்ல மூலக்கலங்களைப் பிரித்தெடுத்தனர். கெட்டதெனக் கிணற்றடிக்கு ஒதுக்கப்பட்ட பொருளை ஆய்வுகூடம் வளர்ப்புக் குடுவையிலே பேணுகின்றது.

எனினும் மருத்துவம் இவ்விடயத்தில் பிறவியிலேயே தூயது என்று நாம் கூறமாட்டோம். அதற்கும் ஒரு தீட்டுக் காலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் இப்படலத்தைச் சுரண்டியெடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வடிவம் கண்டனர். ஒரு நாள் நேரான சுரப்பி. இன்னொரு நாள் நெளிந்த சுரப்பி. நாளைக் கேட்டறியாமல், நெளிந்ததெல்லாம் அழற்சிநோய் என்று பெயரிட்டனர். நலமுள்ள பெண்கள் நோயாளிகளாக எண்ணப்பட்டனர். 1908இல் வியன்னாவைச் சேர்ந்த ஹிட்ஷ்மனும் அட்லரும் பெண்ணின் சக்கர நாளைக் குறித்துக்கொண்டு தகடுகளை ஒழுங்குபடுத்தினர். நோய்கள் எனப்பட்டவை ஒரே நலத்தின் வெவ்வேறு நாட்கள் என்பது வெளிப்பட்டது.

அதன் பின்னரும் பழமை ஓய்ந்துவிடவில்லை. 1920இல் அதே வியன்னாவில் பேலா ஷிக் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், மாதவிடாய்ப் பெண் தொட்ட பூக்கள் வாடின, ஆகவே அவள் வியர்வையில் நஞ்சுண்டு என்று எழுதினார். நமது மேடைப் பேச்சாளர் கூறும் ‘வாடிய பூ’ இதுவே! ஆனால் அந்நஞ்சு சோதனைகளுக்கு முன் நிலைக்கவில்லை. மருத்துவம் அதனைக் கைவிட்டது. 1929இல் கோர்னரும் அலனும் மஞ்சட் சடலத்தின் ஓமோனை நிலைநாட்டினர். 1950இல் நொயிஸ், ஹெர்டிக், ரொக் என்னும் மூவர் படலத்தைக் கண்டே சக்கரத்தின் நாளைச் சொல்லும் முறையை வகுத்தனர். அம்முறையும் நாம் நினைத்த அளவு நுட்பமுடையதன்று என 2004இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. விஞ்ஞானம் தன் கூற்றைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்கின்றது. தீட்டைக் காப்போர் அது உதறிய குப்பையைப் பொறுக்கி, அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டுகின்றனர்.

இனி, ஓய்வளிக்கவே ஒதுக்கினர் என்னும் வாதத்துக்கு வருவோம். இதுவே மற்றவற்றினும் தந்திரமானது. அன்பின் குரலில் பேசுவது. இதற்கு விடை காணப் புத்தகம் வேண்டாம். மலையைப் பார்த்தாற் போதும்.

1867இல் கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். அன்று முதல் இன்றுவரை ஹந்தானையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் மலைநாடெங்கும் கொழுந்து பெரும்பாலும் பெண்ணின் விரலாலேயே பறிக்கப்படுகின்றது. மாதத்தில் எல்லா நாளும் பறிக்கப்படுகின்றது. விடியலில் பெரட்டுக்களம், பின்பு முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலில் அட்டை. செங்குத்தான மலையிலே மறைவிடம் இல்லை, தண்ணீர் இல்லை, துணி மாற்ற இடமில்லை. கொழுந்து மடுவத்தில் நிறை குறைந்தால் அரைப்பேர். “இன்று எனக்குத் தூரம், ஓய்வு வேண்டும்” என்று அவள் சொன்னால் எந்தத் துரை, எந்தக் கங்காணி, எந்தச் சாத்திரி ஆம் என்றார்? ஓய்வுக்காகவே விலக்கு என்று சொல்லும் பெரியோர், மாதவிடாய்க்கு ஊதியத்தோடு விடுப்பு வேண்டுமென்று எந்தத் தோட்டத்து வாசலிலாவது நின்று கேட்டதுண்டா?

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் அவள் அந்நாட்களில் புகலாகாது. விளக்கைத் தொடலாகாது. ஆனால் கொழுந்தைத் தொடலாம்! அவள் கை பட்ட பூ வாடும். அவள் கை பட்ட கொழுந்து வாடுவதில்லை. தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடல் கடக்கின்றது. அவளைத் தீட்டென்று வெளியே நிறுத்திய பூசகரும் காலையில் அத்தேநீரையே அருந்துகின்றார். தீட்டு எங்கே நிற்கின்றது என்று பாருங்கள்: பெண்ணுக்கு உரிமை தரும் வாசல் ஒவ்வொன்றிலும் அது நிற்கின்றது, அவள் உழைப்பால் இலாபம் விளையும் வாசலில் மட்டும் அது கண்மூடிக்கொள்கின்றது. உடலிலிருந்து பிறந்த விதியாயின் அது எல்லா வாசலுக்கும் பொதுவாயிருக்கவேண்டும். பொதுவாயில்லாமையால், இது உடலின் விதியன்று, அதிகாரத்தின் விதி.

“முதற் பூப்பை நாம் விழாவெடுத்துக் கொண்டாடவில்லையா?” எனக் கேட்பார் உளர். சாமத்தியச் சடங்கின் பந்தலையும் பட்டையும் நாம் அறிவோம். சிங்கள மக்களிடையே கொட்டஹலு சடங்கும் அவ்வாறே. ஆயின் விழாவுக்கு முன் அச்சிறுமி தனியறையில் ஒதுக்கப்படுகின்றாள். அவளுடைய துணியை யார் வெளுத்தார்? தமிழரிடையே சலவைத் தொழில் சுமத்தப்பட்ட குலத்துப் பெண். சிங்களரிடையே ‘ரெதி நெந்தா’ எனப்படும் அதே தொழிற் குலத்துப் பெண். மாதவிடாய் கண்டவளுக்குத் தீட்டுச் சில நாள். அவள் துணியைத் துவைத்தவளுக்கோ வாழ்நாள் முழுவதும் தீட்டு. பெண்ணின் உதிரத்துக்கும் சாதியின் தீண்டாமைக்கும் நம் மொழியில் ஒரே சொல் வழங்குவது தற்செயலன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் ஒடுக்கப்பட்டோர் போராடினர். சாதித் தீட்டின் கதவை உலுக்கிய நாம், நம் வீட்டு அடுக்களை வாசலில் அதே தீட்டு காவல் நிற்பதைக் கண்டும் காணாதிருத்தல் தகுமோ?

இது வெறும் சொற்போர் என்று எவரும் எண்ணவேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் தமிழ்நாட்டைத் தாக்கியபோது, பட்டுக்கோட்டைக்கு அருகே பூப்பெய்தியதால் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை முறிந்து விழுந்து மாண்டாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில், பூப்பெய்திய மாணவி ஒருத்தி பாடசாலை வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து பரீட்சை எழுதினாள். விஞ்ஞானம் கற்பிக்கும் இடத்திலேயே விஞ்ஞானத்துக்கு இக்கதி!

மௌனமும் ஒரு தீட்டே. அதுவும் உயிர் வாங்கும். இயல்பு இன்னதென்று அறியாதவள் நோயை எவ்வாறு அறிவாள்? ஒரு முறையில் 80 மில்லிலீற்றருக்கு மேற்படும் இழப்புத் தொடர்ந்தால் இரத்தசோகை வரும், மலையேறும்போது மூச்சு வாங்கும், நிறை குறையும், அரைப்பேர் விழும். கருப்பைப் படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடுவலி தரும் நோய், உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மாதவிடாய் வயதுப் பெண்கள் பத்துப்பேரில் ஒருவருக்கு உண்டு. “பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்” என்று அவள் வாயடைக்கப்படுகின்றது. மாதவிடாய் நின்றுபோன பின் மீண்டும் உதிரம் கண்டால் அது புற்றுநோயின் முதல் அறிகுறியாயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவள் இழப்பது காலத்தை, சிலவேளை உயிரை.

அரசும் இவ்வுதிரத்தில் வரி வாங்கியது. 2018 செப்டெம்பர் வரை இந்நாட்டில் இறக்குமதிச் சுகாதாரத் துவாய்மீது விழுந்த வரிகளின் கூட்டுத்தொகை நூற்றுக்கு நூற்றையும் தாண்டியிருந்தது, பின்னரே குறைக்கப்பட்டது. அதே ஆண்டு யூலையில் இந்தியா தன் வரியை முற்றாக நீக்கிற்று. 2024இல் நமது அரசு வசதி குறைந்த பாடசாலை மாணவியர்க்கு 1,200 ரூபா பெறுமதியான சீட்டு வழங்க முன்வந்தது. வரவேற்போம். ஆயின் அம்மாணவியின் தாய் மலையிலே நிற்கின்றாள். அவளுக்குச் சீட்டுமில்லை, மறைவிடமுமில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. கருப்பைப் படலத்தின் 28 நாட் கதை, படத்தோடும் வெட்கமின்றியும், தமிழிலும் சிங்களத்திலும், மாணவியர்க்கும் மாணவர்க்கும் வகுப்பறையில் கற்பிக்கப்படவேண்டும், கடத்தப்படலாகாது. கொழுந்து பறிக்கும் மலைதோறும் நடந்து எட்டக்கூடிய தூரத்தில் கழிப்பிடமும் தண்ணீரும் அமையவேண்டும். வலியுள்ள நாளில் அரைப்பேர் விழாத ஓய்வு வேண்டும். சுகாதாரத் துவாய்மீது ஒரு சதமும் வரி விழலாகாது. தோட்ட மருத்துவமனையிலே பெண் தன் உதிரத்தைப் பற்றித் தன் மொழியில் பேச இடம் வேண்டும். கோயிலின் வாசலில் யார் எந்நாள் நுழைவதென்பதை அவளே தீர்மானிக்கவேண்டும்.

எழுத்தாளராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. பெண்ணைத் தாயென்றும் தெய்வமென்றும் பாடிப் பக்கங்களை நிரப்பிய நாம், தாய்மைக்கு நிலம் பண்படுத்தும் அப்படலத்தின் பெயரைக்கூட எழுதக் கூசினோம். அக்கூச்சத்தை விட்டொழிப்போம். பேராதனையில் தகட்டின் மீது தெளிவாய்த் தெரியும் உண்மை, பிலிமத்தலாவைச் சந்தியைத் தாண்டி, கலஹாவின் லயத்து வாசல்வரை சென்று சேரவேண்டும். அதனைச் சுமந்து செல்வது வெண்ணிற மேலங்கி அணிந்தோரின் பொறுப்பு மட்டுமன்று. பேனா பிடித்தோரின் பொறுப்புமாகும்.